நூற்று இருபத்திரண்டுக்குக் கீழே

காசிவிஸ்வநாதனுக்குத் தன் மனைவி மேல் சந்தேகம் வந்தது கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை எட்டேகால் மணிக்கு. அப்போது அவர் தட்டில் மூன்று இட்லி இருந்தது. பக்கத்தில் சாம்பார் இருந்தது. சாம்பாருக்குப் பக்கத்தில், பத்து நாளாகக் கண்ணில் படாத தேங்காய்ச் சட்னி இருந்தது. தலைக்கு மேலே விசாலி நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு வைக்கவா?" என்று கேட்டாள்.

காரைக்குடியில் இதையெல்லாம் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேண்டாம் என்றாலும் வைப்பார்கள், போதும் என்று கையை நீட்டி மறித்தால் கைமேலேயே வைப்பார்கள். ஆனால் அந்த வீட்டில் பத்து நாளாக இட்லி ஒன்றரையைத் தாண்டியதில்லை. அந்த அரை இட்லியும் முக்கால் ஆகிவிடக் கூடாது என்று விசாலி கத்தி வைத்து அறுத்துத்தான் போட்டாள். அப்படிப்பட்டவள் திடீரென்று இன்னும் ரெண்டு என்றால், விஷயம் இட்லியில் இல்லை என்று காசிவிஸ்வநாதன் முடிவு செய்தார்.

அவர் சுபாவமே அப்படி. செக்காலை ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். சரக்கு வந்து இறங்கினால், அனுப்பியவர் போட்ட எடையை நம்ப மாட்டார், தானே மூன்று தடவை போடுவார். டிவியில் மழை வரும் என்று சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். வராது என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போவார். எதிரில் நின்று ஒருவர் சத்தியமே செய்தாலும் நம்பாதவர், அடுத்த மேஜையில் யாரோ யாரிடமோ முணுமுணுத்ததை அப்படியே நம்பிவிடுவார். மறைத்துப் பேசுவதுதான் உண்மை என்பது அவர் கட்சி.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது, எடை நூற்று முப்பத்திரண்டு. சர்க்கரை இருந்தது, ரத்தக் கொதிப்பு இருந்தது. முழங்கால் இரண்டும் படியைக் கண்டாலே முனகின. எல்லாவற்றையும் விட மோசம் தூக்கம். குறட்டை நடுவில் பட்டென்று நிற்கும், கூடவே மூச்சும் நிற்கும். விசாலி எழுந்து தோளை உலுக்கினால்தான் மறுபடி ஓடும். கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த பெண் டாக்டர், வயிற்றைச் சுருக்கி ஒரு ஆபரேஷன் செய்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்றார். எப்படிச் செய்வோம் என்று டிவியில் ஒரு படமும் போட்டுக் காட்டினார். படம் ஓடி ஒரு நிமிடம் ஆகவில்லை, காசிவிஸ்வநாதன் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். நாலு பேர் தூக்க முடியாமல் ஆறு பேராகத் தூக்கி அடுத்த அறையில் படுக்கவைத்தார்கள். அதற்குப் பிறகு டாக்டர் முக்கால் மணி நேரம் பேசியதை விசாலி ஒருத்திதான் கேட்டாள்.

ஆறு வாரம் கழித்து மார்கழி நடுவில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். அதுவரை சூப்பு, மோர், புரோட்டீன் பவுடர், ஒன்றரை இட்லி. மார்கழியில் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்று காசிவிஸ்வநாதன் சொல்லிப் பார்த்தார். கத்தி இல்லை, சின்னதாக ஐந்து ஓட்டைதான் என்று அவள் சொல்லிவிட்டாள்.

உள்ளபடி சொன்னால், அவருக்கு உயிர்பயம். மயக்க ஊசி போடுவார்கள், தூங்கிவிடுவோம், தூங்கினவன் எழுந்திருக்காவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்ற கேள்வி அவர் நெஞ்சில் ஆணி அடித்தது போல நின்றது. இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல், பயத்தைத் தின்று தீர்த்தார். வீட்டில் ஒன்றரை இட்லி முடித்துவிட்டுப் போனவர், பத்து மணிக்குக் கடையில் பணியாரம் வாங்கிவரச் சொன்னார். பதினொன்றுக்கு வடை. சாயங்காலம் மசாலா சீயம். பரோட்டா சால்னா ஒரு நாள் சட்டைப்பையில் சிந்தியும் விட்டது. பத்தாவது நாள் வீட்டு மெஷினில் ஏறி நின்றபோது நூற்று முப்பத்து மூன்றரை காட்டியது. விசாலி மெஷினைப் பார்த்தாள், சட்டையைத் துவைக்கப் போட்டாள்.

மறுநாள் காலையில்தான் அந்த மூன்று இட்லி வந்தது.

காசிவிஸ்வநாதன் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். கடைக்குக் கிளம்பினார், முகப்பைத் தாண்டினார், கண்ணாடியை மறந்துவிட்டது போலத் திரும்பி வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் முதல் வாசலில் ஒதுங்கி நின்றார். அந்த வீட்டைக் கட்டிய முப்பாட்டனார் முகப்பிலிருந்து பின்கட்டு வரை எல்லா வாசலையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருந்தார். அடுப்படியில் ஒருத்தர் தும்மினால் முகப்பில் இருப்பவர் 'நூறு' என்பார். விசாலி நடுமுற்றத்து வளவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் சௌபர்ணிகாவோடு.

"அப்பச்சிகிட்ட மறந்தும் சொல்லிறாத ஆத்தா. நூத்தி இருவத்திரெண்டுக்குக் கீழ எடை போயிருச்சுன்னா ஆபரேஷனே வேண்டாம்னு டாக்டர் சொல்லிருக்காக. அது இவுகளுக்குத் தெரிஞ்சா பட்டினி கெடந்தாச்சும் எறக்கிருவாக. அப்புறம் நாலு மாசத்துல பழையபடி ஏறிரும். ஆபரேஷன் பண்ணுனாத்தான் நெலைக்கும். அதுனால கீழ போகாம நாந்தான் பாத்துக்கிறணும். இன்னையிலருந்து நல்லாப் போட ஆரம்பிச்சுட்டேன்."

காசிவிஸ்வநாதன் கதவைப் பிடித்துக்கொண்டார். முதலில் கோபம் வந்தது. தாலி கட்டியவள், தட்டில் போடும் சோற்றிலா சூழ்ச்சி செய்வாள் என்று மனம் கொதித்தது. கோபத்துக்குப் பின்னாலேயே சந்தோஷம் வந்து அதைத் தள்ளிவிட்டது. பதினொன்றரை கிலோ. அவ்வளவுதான். பதினொன்றரை கிலோவுக்கு அந்தப் பக்கம் ஊசியும் இல்லை, ஓட்டையும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. விசாலி போடுவதைச் சாப்பிடுவது போல் காட்டி, சாப்பிடாமல் இருந்து, அவள் கண்ணெதிரிலேயே தப்பித்துவிடுவது என்று அங்கேயே சபதம் எடுத்தார். முகப்புக்குப் போய், இருமிக்கொண்டே மறுபடி உள்ளே வந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே கடையில் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கினார். பித்தளை அண்டாக்களை எடை போடுகிற பெரிய மேடைத் தராசில் ஏறி நின்றார். கடையில் பில் போடும் முத்தழகு எட்டிப் பார்த்தாள்.

"என்ன சரக்கு மொதலாளி?"

"பழைய சரக்கு."

"எறக்குறதா, இங்கிட்டே வைக்கிறதா?"

"எறக்கணும்த்தா," என்றார் காசிவிஸ்வநாதன் மனமார.

வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால்தானே கஷ்டம். கடையில் வேலை அதிகம், காலையும் மத்தியானமும் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்துவிடு என்று விசாலியிடம் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து அவர் மனசுக்குள் பல்லைக் கடித்தார். பாத்திரக்கடைக்காரர் வீட்டில் பாத்திரத்துக்கா பஞ்சம்? முதல் வாரம் இரண்டடுக்கு கேரியர் போனது. அடுத்த வாரம் நாலடுக்கு. கார்த்திகை தீபம் கழிந்ததும் ஐந்தடுக்காகிவிட்டது. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும், கோழி வறுவல், நண்டு மசாலா, கவுனி அரிசி. இவளுக்கு எவ்வளவு வன்மம் இருந்தால் கவுனி அரிசியில் இவ்வளவு தேங்காய் துருவிப் போடுவாள் என்று மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

அந்த ஐந்தடுக்கையும் தீர்க்க ஒரு நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. கடைக்குப் பின்னால் இருக்கிற பள்ளியில் கணக்கு வாத்தியார் அமலதாஸ், இவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். மத்தியான மணி அடித்ததும் வந்துவிடுவார். காசிவிஸ்வநாதன் எதிரில் உட்கார்ந்து வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு, நண்பர் நண்டு உடைப்பதை ஈரக் கண்களோடு பார்த்துக்கொண்டிருப்பார். நண்டின் காலை உறிஞ்சுகிற சத்தம் வரும்போது மட்டும் எழுந்து போய் வாசலில் நிற்பார்.

எடை இறங்கியது. நூற்று முப்பது. நூற்று இருபத்தெட்டு. நூற்று இருபத்தாறு. இறங்க இறங்க ஒரு புதுப் பிரச்சினை வந்தது. சட்டை தொளதொளத்தது. விசாலி பார்த்தால் சந்தேகப்படுவாள் என்று, பூத்துவாலை ஒன்றை வயிற்றைச் சுற்றிக் கட்டி அதன்மேல் சட்டை போட்டுக்கொண்டார். வீட்டு மெஷினில் பேட்டரியைக் கழற்றி ஒளித்து வைத்தார். ஒரு நாள் அவள் அவரைச் சுற்றி வந்து ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கிறதே என்று அவள் சொன்னபோது அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உன் கைப்பக்குவம் என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று தோன்றியது. அன்றிலிருந்து இரண்டு துவாலை கட்டினார்.

அதற்குள் அமலதாஸ் பக்கம் இடி விழுந்தது. ஒரு நாள் வந்தவர் கேரியரைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"காசி, நாளையிலருந்து நான் வரலடா. ஷீலாவுக்கு என் மேல சந்தேகம் வந்திருச்சு."

"என்ன சந்தேகம்?"

"வீட்டுல ரெண்டு வாய் திங்கிறேன், போதுங்கிறேன். ஆனா ஆறு கிலோ ஏறிருக்கேன். கிறிஸ்துமசுக்குத் தச்ச சட்டைல பித்தான் போட முடியல. எந்தத் தெருவுல இன்னொரு அடுப்பு எரியுதுன்னு கேக்குறா. நேத்து என் கைய மோந்து பாத்தா. நண்டு வாசம்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. உனக்காக இருவத்தேழு வருசக் குடும்பத்தப் பணயம் வச்சிருக்கேன்."

காசிவிஸ்வநாதனுக்கு வேர்த்தது. ஆரோக்கிய ஷீலாவும் விசாலியும் ஒன்றாகச் சந்தைக்குப் போகிறவர்கள். இங்கே ஒரு வார்த்தை கசிந்தால் அங்கே போய்ச் சேர அரை நாள் போதும். இன்னும் பத்தே நாள் என்று நண்பரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அமலதாஸ் நல்ல மனுஷர். பெருமூச்சு விட்டுவிட்டு கேரியரைத் திறந்தார்.

அதற்குப் பிறகு எல்லாரும் ஒற்றராகத் தெரிந்தார்கள். முத்தழகு போனில் பேசினால் யாரோடு என்று எட்டிப் பார்த்தார். விசாலி கடைப்பக்கம் வந்து அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போன அன்று, என்ன பேசினாள் என்று நாலு தடவை கேட்டார். குழம்புச் சட்டி விலை கேட்டதாக முத்தழகு சொன்னாள். கடை முதலாளியின் பெண்டாட்டி சட்டி விலை கேட்பாளா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார். யோசனையில் பசி மறந்தது. எடை நூற்று இருபத்து மூன்றுக்கு வந்தது. இதற்கிடையில் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை, காலையில் தலைபாரம் இல்லை. அதையெல்லாம் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

பிள்ளையார் நோன்பு வந்தது. கார்த்திகை தீபத்திலிருந்து நாளுக்கொரு நூலாக இருபத்தொரு நூல் எடுத்துத் திரித்த இழையை, வெல்லமும் நெய்யும் சேர்த்த மாவுப் பிள்ளையாரில் வைத்துக் கொளுத்தி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இருந்தாலும் அடுக்களை விளக்கடியில் நின்று இழை எடுத்துக்கொள்கிற சனம் அவர்களுடையது. எந்த டயட்டைச் சொல்லியும் இதிலிருந்து தப்ப முடியாது. வீட்டுக்கு மூத்தவர் என்பதால் மாவைப் பிடித்துக் கொடுப்பதும் அவர் வேலை. விசாலிக்கு எலுமிச்சை அளவில் பிடித்தார். தனக்குச் சுண்டைக்காய் அளவில் பிடித்தார்.

"என்னங்க, பிள்ளையாருக்குமா பத்தியம்?"

"உருவத்துல என்ன இருக்கு விசாலி, மனசுதான்."

கண்ணை மூடிக்கொண்டு, கத்தி படாமல் காப்பாற்று அப்பனே என்று வேண்டி இழையை விழுங்கினார். கண்ணைத் திறந்தபோது எதிரில் கருப்பட்டிப் பணியாரம் ஒரு தாம்பாளம் நிறைய இருந்தது. விசாலி இலையில் பதினொன்று எடுத்துவைத்துவிட்டு, அவரையே பார்த்தபடி உட்கார்ந்தாள். இங்கே கேரியரும் இல்லை, அமலதாசும் இல்லை. காசிவிஸ்வநாதன் ஒன்றைக் கையில் எடுத்தார். நெய் விரலில் வழிந்தது. ஒரு மாதமாக வெள்ளரிக்காய் தின்ற நாக்கு தவித்தது. தின்றுவிடலாம், ஒன்றே ஒன்று, என்றுதான் வாய்வரை கொண்டுபோனார். அப்போது அந்த டிவிப் படம் கண்முன் வந்தது. வயிற்றுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு போகிற அந்தக் கம்பி. பணியாரத்தைத் திரும்ப இலையில் வைத்துவிட்டு, நோன்பன்று முதல் பணியாரம் பிறருக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று பெரியப்பச்சி சொல்வார் என்றார். எந்தப் பெரியப்பச்சியும் அப்படிச் சொன்னதில்லை. தாம்பாளத்தோடு தூக்கிக்கொண்டு முத்தழகு வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது விசாலி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் திட்டம் பலிக்கவில்லையே என்று அழுகிறாள் என்று அவர் நினைத்தார். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

நோன்பு கழிந்து ஆறாம் நாள் மதுரைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக் கழிவறையில் காசிவிஸ்வநாதன் இரண்டு துவாலையையும் அவிழ்த்தார். தொளதொளத்த சட்டையோடு, ஜெயித்த வேட்பாளர் மாதிரி நடந்து வந்து மெஷினில் ஏறினார். நூற்று இருபத்தொன்று புள்ளி நாலு. விசாலியைத் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். முகத்தைக் காட்ட முடியவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"பிரமாதம் சார். நீங்க இப்படிச் செஞ்சு காட்டுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."

"கஷ்டந்தான் மேடம். ஆனா முடிச்சுட்டேன்," என்ற காசிவிஸ்வநாதன் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பல வருடம் கழித்து அது முடிந்தது. "நூத்தி இருவத்திரெண்டுக்குக் கீழ வந்துட்டேன். இனிமே ஆபரேஷன் வேண்டாம்ல?"

"வேண்டாமா? கீழ வந்தாத்தானே சார் ஆபரேஷனே பண்ண முடியும். உங்க கல்லீரல் வீங்கியிருந்துச்சு. அது சுருங்கலைன்னா கருவியை உள்ள விடவே வழியில்ல. பத்து கிலோ இறக்கினாத்தான் தேதி, இல்லைன்னா ஆபரேஷன் கிடையாதுன்னு அன்னைக்கே உங்க வீட்ல சொன்னேனே. இப்ப நல்லாச் சுருங்கியிருக்கு. நாளைக்குக் காலையில முதல் கேஸ் நீங்கதான்."

மேலே போட்ட கால் தானாகக் கீழே இறங்கியது. காசிவிஸ்வநாதன் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். இருபத்து நாலு வருடம் அந்த வீட்டில் குடித்தனம் நடத்துகிறவள், ரகசியம் பேச வேண்டுமென்றால் கொல்லைக்கு அங்கிட்டு கிணற்றடிக்குப் போகிறவள், அன்றைக்கு மட்டும் வளவு நடுவில் நின்று பேசியிருக்கிறாள். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவருக்கு அதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"ஏன் விசாலி? என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீகளா?" என்றாள் அவள். "எறக்கினாத்தான் ஆபரேஷன்னு சொல்லியிருந்தா, நீங்க நூத்தி நாப்பதுல வந்து நின்னுருப்பீக."

நூற்று நாற்பத்தைந்து என்று வேண்டுமானால் அவர் திருத்தியிருக்கலாம். இத்தனை நாள் எவரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு விசாலி. தூங்கி எந்திரிக்காமப் போயிட்டா?"

"அதத்தான் ஆறு வருசமா தெனம் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள் விசாலி. "ஒங்களுக்கு நாளைக்கு ஒரு நாள்தான் பயம்."

டாக்டர் சம்மதப் படிவத்தை அவர் முன்னால் தள்ளினார். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படியும், எது பற்றியாவது சந்தேகம் இருந்தால் தயங்காமல் இப்போதே கேட்கும்படியும் சொன்னார்.

காசிவிஸ்வநாதன் வாயைத் திறந்தார்.

"இவுகளுக்கு ஒரு சந்தேகமும் இல்லைங்க டாக்டர்," என்று விசாலி பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.